எது வரைக்கும் வருது?

"நெட் வரல."

ஹாஸ்டல்ல ஒரு நாளைக்கு எத்தனை தடவை இது காதுல விழுதுன்னு எண்ணிப் பாருங்க. சொல்றவருக்கு அது முழு வாக்கியம். சரி பண்ண வர்றவருக்கு அதுல ஒரு தகவலும் கிடையாது. எனக்கு இது புரிஞ்சது 2003-ல, செகண்ட் இயர் படிக்கும்போது. புரிய வச்சது ஒரு டயல்-அப் மோடமும் ஒரு சீனியர் அண்ணனும்.

எங்க ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல. சுத்தி தறிப்பட்டறை, கோழிப்பண்ணை. இந்தியாவுல பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல, விஎஸ்என்எல் மூலமா, அதுவும் முதல்ல பெருநகரங்களுக்கு மட்டும். எங்க பக்கம் வீட்டுக்குள்ள வர ஏழெட்டு வருஷம் ஆச்சு. வீட்டுல இருந்தது ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர், 128 எம்பி ராம். ஒரு பத்திரிகையோட வந்த சிடியில இருந்து லினக்ஸ் போட்டிருந்தேன். காசு கொடுத்து வாங்க வேண்டாம், நாலு பேருக்கு காப்பி எடுத்துக் கொடுத்தாலும் தப்பில்லை. அதுக்கு மேல பெரிய கொள்கை எல்லாம் அப்ப கிடையாது.

மெயில் எதுக்குன்னா, மாமாவுக்கு. திருச்செங்கோடு பக்கத்து ரிக் வண்டியில போர்வெல் போட தான்சானியா போயிருந்தார். சைட்ல போன் கிடையாது. வாரத்துல ஒரு நாள், சனிக்கிழமை, டவுனுக்கு வந்து சாமான் வாங்கிட்டு பிரவுசிங் சென்டர்ல மெயில் பார்ப்பார். அதை விட்டா அடுத்த சனிக்கிழமைதான்.

அந்த ஆகஸ்ட்ல அப்பிச்சிக்கு சேலத்துல ஆபரேஷன்னு முடிவாச்சு. புதன்கிழமை தேதி கொடுத்துட்டாங்க. பணத்துல பாதி மாமாவோட அக்கவுன்ட்ல இருந்து வரணும். அவர் எழுதிச் சொன்னாத்தான் அவரோட கூட்டாளி எடுத்துக் கொடுப்பார். அதனால இந்தச் சனிக்கிழமை அவர் கண்ணுல மெயில் பட்டே ஆகணும்.

அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் சீனியர் அண்ணன் வீட்டுக்கு வந்து மோடத்தை ஓட வச்சுக் கொடுத்தார். "அண்ணா, நெட் வரல"ன்னு ஆரம்பிச்சேன். "அப்படிச் சொல்லாதப்பா. எது வரைக்கும் வருதுன்னு சொல்லு"ன்னார். அப்புறம் சுவத்துல இருந்த போன் சாக்கெட்ல ஆரம்பிச்சு மெயில் வரைக்கும், படி படியா ஏறினார்.

முதல் படி, ஒயர். போனை எடுத்து ஒரே ஒரு எண்ணை அமுக்கினா டயல் டோன் நின்னுடும். அப்புறம் காதுல அமைதியா இருக்கணும். கரகரன்னு சத்தம் வந்தா கம்பத்துல இருக்கிற ஜாயின்ட்ல ஈரம் இறங்கியிருக்கலாம். அந்தக் கரகரப்பு நம்ம பேச்சைக் கெடுக்காது, மோடம் பேச்சைக் கெடுத்துடும். 56 கே மோடம்னு பேரு. எங்க வீட்டுல நல்ல நாள்லயே 33.6 தாண்டாது. அந்த வேகத்துல 1 எம்பி இறங்க நாலு நிமிஷத்துக்கு மேல ஆகும், அத்தனை நேரமும் போன் யூனிட் ஓடிட்டே இருக்கும்.

ரெண்டாவது, மோடம். அப்ப விலை குறைவா கிடைச்ச பல இன்டர்னல் மோடம்கள் பாதி மோடம்தான். சிக்னலைப் பிரிக்கிற கணக்கை எல்லாம் கம்ப்யூட்டரோட பிராசசர் தலையில கட்டிடும். அந்தக் கணக்கைப் போடுற டிரைவர் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும் எழுதியிருப்பாங்க. அதனாலயே அதுக்கு வின்மோடம்னு பேரு. லினக்ஸ்ல சிலதுக்கு டிரைவர் கிடைக்கும், பலதுக்குக் கிடைக்காது. அண்ணன் ஒரு பழைய எக்ஸ்டர்னல் மோடம் கொண்டு வந்திருந்தார். சீரியல் போர்ட்ல சொருகி, மினிகாம் திறந்து "ஏடி"ன்னு ரெண்டு எழுத்து அடிச்சார். "ஓகே"ன்னு பதில் வந்துச்சு. 1981-ல ஹேய்ஸ் மோடத்தோட வந்த கட்டளை மொழி அது. அந்த ஓகே வந்துட்டா மோடம் உயிரோட இருக்கு, கேபிள் சரி, போர்ட் சரி. மூணு சந்தேகம் ஒரே அடியில போச்சு.

மூணாவது, டயல். டபிள்யூவி-டயல்னு ஒரு புரோகிராம். ஓட விட்டதும் "நோ டயல்டோன்"னு சொல்லுச்சு. போனைக் காதுல வச்சா டோன் நல்லாவே கேட்குது! நம்ம ஊர் எக்ஸ்சேஞ்ச் கொடுக்கிற டோன் வேற, அந்த மோடம் எதிர்பார்க்கிற அமெரிக்க டோன் வேற. இனிஷியல் ஸ்ட்ரிங்ல "எக்ஸ்3" சேர்த்தார். டோனுக்குக் காத்திருக்காம டயல் பண்ணுன்னு அர்த்தம். கீச்சுன்னு கத்தி, ரெண்டு முனையும் ஒத்துப் போச்சு.

நாலாவது, பிபிபி. ரெண்டு மோடமும் கை குலுக்கினதுக்கு அப்புறம்தான் யூசர் நேம், பாஸ்வேர்ட் பேச்சு. இங்க தப்பினா லைன் கிடைச்ச கொஞ்ச நேரத்துல கட் ஆகும். அதனால கட் ஆகிற நேரமே ஒரு தடயம். கத்தும்போதே கட்டானா ஒயரைப் பாரு. கத்தி முடிச்ச உடனே கட்டானா பாஸ்வேர்டைப் பாரு. சம்பந்தமில்லாம பாதியில கட்டானா, வீட்டுல யாராவது இன்னொரு போனை எடுத்தாங்களான்னு பாரு.

அஞ்சாவது, முகவரி. ஐபி கிடைச்சிருச்சு, ஆனா பக்கம் திறக்கல. எண்ணுக்கு பிங் போகுது, பேருக்குப் போகலைன்னா டிஎன்எஸ். எண்ணுக்கே போகலைன்னா ரூட் டேபிள். கம்ப்யூட்டர்ல நெட்வொர்க் கார்டு ஒண்ணு இருந்து, அதுக்கு டிஃபால்ட் கேட்வேன்னு முன்னாடியே ஏதாவது எழுதியிருந்தா, பாக்கெட் எல்லாம் மோடத்தை விட்டுட்டு கேபிளே சொருகாத அந்தக் கார்டு பக்கம் போய் நிக்கும்.

இப்படி ஒவ்வொரு படிக்கும் ஆமா-இல்லைன்னு பதில் வர்ற ஒரு கேள்வி. அண்ணன் அதை ஒரு பழைய நோட்டுல வரிசையா எழுதி வச்சுட்டுப் போனார். மெயிலைப் பத்தி அதுல ரெண்டே வரிதான் இருந்துச்சு, ஏன்னா அன்னைக்கு பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு.

வியாழக்கிழமை ராத்திரி மாமாவுக்கு மெயில் எழுதினேன். அப்ப தமிழ் எழுத்துரு ஆளுக்கொண்ணு, திஸ்கி, டாம், டாப்னு. அங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல எது தெரியும்னு சொல்ல முடியாது. அதனால ஆங்கில எழுத்துல தமிழ். ஆபரேஷன் தேதி, தொகை, கூட்டாளிக்கு எழுதச் சொல்லி ஒரு வரி. அனுப்பினதும் மெஷின் ஒண்ணும் சொல்லல, பிராம்ப்ட் வந்து நின்னுச்சு. லினக்ஸ்ல ஒண்ணும் சொல்லலைன்னா நல்லபடியா முடிஞ்சதுன்னு அர்த்தம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டு இருக்கும்போது அம்மா கேட்டாங்க, "கண்ணு, மாமனுக்கு மெயிலு போயிருச்சா?"

"போயிருச்சும்மா"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அண்ணனோட கேள்வி குறுக்கே வந்து நின்னுச்சு. எது வரைக்கும் போச்சு?

"மெயில்க்யூ"ன்னு அடிச்சேன். மாமாவோட முகவரி அங்கேயே இருந்துச்சு. என் கடிதம் வீட்டை விட்டே போகல. கீழ காரணமும் இருந்துச்சு: அனுப்புனர் டொமைன் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்து லினக்ஸ் பலதுலயும் மெயில் சர்வர் உள்ளேயே இருக்கும். வீட்டு மெஷினுக்குச் சொந்தமா டொமைன் கிடையாது, அதனால அனுப்புனர் பேருக்குப் பின்னாடி "லோக்கல்ஹோஸ்ட்.லோக்கல்டொமைன்"னு ஒட்டி அனுப்பும். அப்படி ஒரு இடம் உலகத்துல எங்கேயும் இல்லை. ஸ்பேமுக்குப் பயந்து எதிர்முனை சர்வர் வாங்க மறுக்கும். நம்ம மெஷின், அப்புறம் பார்த்துக்கலாம்னு வரிசையில வச்சுக்கும். என்கிட்ட இருந்து வாங்கினப்ப அது சொன்ன ஓகே, வாங்கிக்கிட்டேன்கிற ஓகே மட்டும்தான்.

செய்ய வேண்டியது ரெண்டு. அனுப்புனரா என்னோட உண்மையான மெயில் முகவரியைப் போடணும். நேரா எதிர்முனைக்குப் போகாம, நம்ம இணைய சேவையோட எஸ்எம்டிபி சர்வர் கையில கொடுக்கச் சொல்லணும். அதுக்கு ஸ்மார்ட் ஹோஸ்ட்னு பேரு. சென்ட்மெயில் கான்ஃபிக் ஃபைல்ல அந்த வரி ஏற்கனவே இருந்துச்சு, முன்னாடி "டிஎன்எல்"னு போட்டு மூடியிருந்தாங்க. அதை எடுத்து, சர்வர் பேரைப் போட்டு, மறுபடி ஓட விட்டேன்.

வெளிய மழை பிடிச்சிருச்சு. போனை எடுத்து ஒரு எண்ணை அமுக்கினா கரகரன்னுது. டயல் பண்ணா "நோ கேரியர்". இப்ப எந்தப் படின்னு தெரியும், அதனால கான்ஃபிக்ல கை வைக்கல. கடிதம் ரெண்டு கேபி கூட இல்லை, அரை நிமிஷம் லைன் நின்னா போதும். இடி இடிச்சா ஒயரைப் பிடுங்கறது, அடங்கினா சொருகறது. அம்மா பக்கத்துலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாங்க. பதினோரு மணிக்கு மேல, ஏழாவதோ எட்டாவதோ தடவையில லைன் பிடிச்சுது. வரிசையைத் தள்ளினேன். மெயில்க்யூ காலி.

காலியானா மட்டும் போதாதுன்னு இப்ப தெரியுமே. லாக் ஃபைலைத் திறந்து பார்த்தேன். எதிர் சர்வர் 250-னு சொல்லியிருந்துச்சு, வாங்கிக்கிட்டேன்னு. "அவங்க ஆபீஸ் வரைக்கும் போயிருச்சும்மா. மாமா பார்த்தாரான்னு நாளைக்குத்தான் தெரியும்"னேன். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும், அதுவரைக்கும்தான் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஃபெட்ச்மெயில் ஒரே ஒரு மெயில் இறக்குச்சு. மூணு வரி. கூட்டாளிக்கு எழுதிட்டாராம், திங்கள்கிழமை பணம் வரும், அக்காவை அழ வேண்டாம்னு சொல்லு. புதன்கிழமை ஆபரேஷன் நடந்துச்சு. அப்பிச்சி அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார்.

இப்ப மோடம் சத்தம் கேட்டவங்களே குறைவு. ஆனா படிகள் அப்படியேதான் இருக்கு. அந்த பிபிபி இன்னைக்கும் பல வீட்டு ஃபைபர் கனெக்‌ஷன்ல பிபிபிஓஇ-ன்னு உட்கார்ந்திருக்கு. 1982-ல வரையறுத்த எஸ்எம்டிபியோட வாரிசுதான் உங்க பிளேஸ்மென்ட் மெயிலையும் தூக்கிட்டு வருது. வாட்ஸ்அப்ல ஒரு டிக், ரெண்டு டிக், நீல டிக்னு மூணு வச்சிருக்கிறதும் இதே கேள்விக்குப் பதில்தான்.

அதனால அடுத்த தடவை நின்னா, முதல்ல பக்கத்து ரூம்ல வருதான்னு கேளுங்க. ஐபி கிடைச்சிருக்கான்னு பாருங்க. எண்ணுக்கு பிங் போகுதா, பேருக்குப் போகுதான்னு பாருங்க. அப்புறம் லேப் அண்ணனுக்கு போன் பண்ணி, எது வரைக்கும் வருதுன்னு சொல்லுங்க. பாதி வேலை அங்கேயே முடிஞ்சிருக்கும்.