கதிர் காயும்வரை

எங்கள் வீட்டுக் கொல்லையில் 31 வருஷமாகக் கனகாம்பரம் நிற்கிறது. நிலக்கோட்டைப் பூச்சந்தை பக்கத்தில்தான் என்றாலும் ஒரு நாளும் விற்க வளர்த்ததில்லை. வீட்டுப் பெண்களின் தலைக்குத்தான். செடி வைக்க ஆசைப்பட்டு வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது உரத்தைப் பற்றி. நான் அவர்களுக்கு வேரைத்தான் காட்டுவேன்.

எனக்குக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. முதல் வருஷம் காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஆவணியில் இலை வெளிறியது. கதிர் விரற்கணு அளவிலேயே நின்றுபோனது. பெரியம்மா ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரை என் உள்ளங்கையில் வைத்தார். கடுகு கோத்ததுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது.

"இங்க முன்னாடி என்னடி வச்சிருந்த?"

"தக்காளி, பெரியம்மா."

"அதான்."

தக்காளி, கத்தரி வேரில் பெருகும் நூற்புழு கண்ணுக்குத் தெரியாது. பயிர் போனபிறகும் மண்ணிலேயே கிடந்து, அடுத்து வரும் கனகாம்பர வேரைத் துளைக்கும். அந்தப் புண் வழியே வாடல் நோயும் ஏறிவிடும். அத்தனை செடியையும் பிடுங்கி எரித்தோம். ஒரு பருவம் முழுக்க அங்கே செண்டுமல்லி நட்டோம்; அதன் வேருக்கு நூற்புழுவை அடக்கும் குணம் உண்டு. பிறகு செம்மண்ணில் மக்கிய தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, அரையடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டோம். தண்ணீர் ஊற்றுமுன் ஒரு கணு ஆழம் விரலை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இதைப் பழகவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

விதை எடுப்பது தனி வேலை. பூ உதிர்ந்த கதிர் பழுப்பேறிக் காய்ந்ததும் உள்ளே நெற்றுகள் முற்றியிருக்கும்; ஒரு நெற்றில் நாலு விதை. ஈரம் பட்டால் பட்டென்று வெடித்துச் சிதறிவிடும். முதல் தடவை ஒரு மழையில் என் விதை அத்தனையும் போனது. பெரியம்மா காய்ந்த கதிர்களை அகலமான பாத்திரத்தில் போட்டு, கையில் தொட்ட தண்ணீரைத் தெளித்து, வெள்ளை வேட்டியால் மூடினார். கொஞ்ச நேரத்தில் துணிக்கடியில் பொரி பொரிவதுபோலச் சத்தம். மூடியதைத் திறக்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த விதையை நிழலில் உலர்த்தி, மேலாக விதைத்து, சலித்த மண்ணைத் தூவ வேண்டும். நாற்றுக்கு 2 மாதம் ஆனபின் எடுத்து நடலாம். செடிக்குச் செடி ஒன்றரை அடி விடுங்கள், காற்று நுழையட்டும்.

டெல்லி கனகாம்பரம் என்று ஒரு வகை உண்டு. பெரிய பூ, கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள். அதில் விதை வரும் வரும் என்று ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்தேன். அது மும்மடிய வகை, விதையே பிடிக்காது என்று பிறகுதான் தெரிந்தது. நுனிக்குச்சிதான் வழி. பூ விடாத கொழுந்தை நாலு விரற்கடை நீளத்துக்குக் கிள்ளி, அடி இலைகளை நீக்கி, நிழலில் ஆற்று மணலில் ஊன்றுங்கள். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்கும் ஆசைதான் குச்சிக்கு எமன். நுனியில் புது இலை வரும்வரை தொடாதீர்கள்.

பூ கதிரின் அடியிலிருந்து மேலே ஏறும். ஒரு கதிர் பூத்து முடிய இரண்டு, மூன்று வாரம் ஆகும். ஒன்றுவிட்டு ஒரு நாள், வெயில் ஏறுமுன், காம்புபோல இருக்கும் குழலைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து மேல்நோக்கி உருவ வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் மொட்டும் சேர்ந்து வந்துவிடும். விதைக்கு வேண்டாத கதிரை, முழுக்கக் காயும்வரை விடாமல் பூ முடிந்ததும் அடியோடு கிள்ளிவிடுவேன். அப்போதுதான் கீழ்க்கணுவில் புதுத் துளிர் வரும்.

பெரியம்மாவுக்குக் கடைசி வருஷங்களில் பார்வை மங்கிவிட்டது. அப்போதும் கதிரைத் தடவி, எது மொட்டு எது பூ என்று விரலாலேயே பிரித்துப் பறிப்பார். மடியில் ஒரு மொட்டுக்கூட விழாது. போன ஆடியில் 12 குச்சி ஊன்றினேன், 9 தளிர்த்திருக்கின்றன. நாலைந்து செடி கொடுக்கலாம். வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவேண்டாம். கொட்டாங்குச்சியில் ஈர மண் கொண்டுவாருங்கள்.