துப்பக் கூடாது

வெள்ளி, இரவு

கீழ்த்தாடையில் இடப்பக்க ஞானப்பல்லை இன்று எடுத்தாயிற்று. சாய்ந்து படுத்து, பக்கத்துக் கடைவாய்ப் பல்லை முட்டிக்கொண்டிருந்த பல். சந்தில் சோறு சிக்கும், ஈறு வீங்கும், மாத்திரையில் அடங்கும், மறுபடி வீங்கும்.

முழுத்தாடை எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, வேருக்குக் கீழே ஓடும் மெல்லிய கோட்டை டாக்டர் காட்டினார். கீழ்த்தாடை நரம்பு போகும் வழி அது. வேர் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் கீழுதடு சில காலம் மரத்துப்போகலாம். அபூர்வமாக அப்படியே நின்றும்விடலாம். எனக்கு நடுவே இடைவெளி இருந்தது. அதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன்.

ஊசி போட்டதும் வலி இல்லை. அழுத்தம் மட்டும் தெரிந்தது. ஈறைக் கீறி, பல்லை வெட்டித் துண்டு துண்டாக எடுத்தார்கள். எலும்பு வழியாக வருவதால் டிரில் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கிறது. தையல் போட்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டிருக்கும்போது நர்ஸ் சொன்னார்: "எச்சிலைத் துப்பாதீங்க, முழுங்கிடுங்க. ஸ்ட்ரா வேண்டாம். இன்னிக்கு வாய் கொப்புளிக்கவே கூடாது." அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

சனி

விடிந்ததும் அம்மா உப்பு வெந்நீரோடு நிற்கிறாள். "ஒரு வாய் கொப்புளி கண்ணு, புண்ணு ஆறிடும்." பேச முடியவில்லை, எழுதிக் காட்டினேன். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து நிற்கிறது. எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் அதுதான் மூடி. துப்பினால், உறிஞ்சினால், வேகமாகக் கொப்புளித்தால் பெயர்ந்துவிடும். பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும். 3, 4 நாளில் காதுவரை இழுக்கும் வலி வரும். 'டிரை சாக்கெட்' என்பார்கள். புகை பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். டம்ளரை உள்ளே வைத்துவிட்டு, ஐஸ் கட்டிகளைத் துணியில் முடிந்து எடுத்து வந்தாள். மதியம், குழைந்த சோற்றை மிக்சியில் அடித்து மோர் விட்டு, வலப்பக்கமாக ஸ்பூனில் ஊட்டினாள். பசி அடங்கியது.

ஞாயிறு

வீக்கம் இன்று உச்சத்தில் இருக்கிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் அப்படித்தான் இருக்குமாம். வாய் ஒரு விரல் அளவே திறக்கிறது. 24 மணி நேரம் கழிந்ததால் இப்போது உப்பு வெந்நீர் நல்லது. வாயில் நிறைத்து, தலையை மெல்லச் சாய்த்து, தானாக வடியவிட வேண்டும்.

சித்தப்பா கிராம்போடு வந்தார். பாசம்தான். கிராம்பு எண்ணெயில் இருக்கும் யூஜெனால், டிரை சாக்கெட் வந்தவர்களுக்கு டாக்டர்கள் வைக்கும் மருந்திலும் உண்டு. ஆனால் ஆறிவரும் குழிக்குள் கிராம்பைத் திணிப்பது வேறு. அம்மாவே அவரைத் தடுத்தாள்: "அந்தக் கட்டி பேந்துடும் தம்பி!"

புதன்

கன்னம் வடிந்துவிட்டது. சாம்பாரில் ஊறிய இட்லி. ஆன்டிபயாடிக் இன்னும் மிச்சமிருக்கிறது. வலி போனாலும் முடிக்க வேண்டும்.

வெள்ளி

தையல் பிரித்தார்கள். ஈறு மூடச் சில வாரங்கள், உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதங்கள் ஆகும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மரத்த வாயும் பஞ்சுமாக இருப்பவரிடம் மட்டும் விதிகளைச் சொல்லி, ஆங்கிலத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவது போதாது. கஞ்சி வைப்பவர், வெந்நீர் போடுபவர் காதிலும் அது விழ வேண்டும். பல் எடுக்கப் போகிறவர்களே, வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்பவரையும் டாக்டரின் அறைக்குள் அழைத்துப் போங்கள்.