23 கிலோ

மார்ச் 16, ஞாயிறு
பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியாச்சு. ஒரே தூசி. தும்மல் நிற்கவில்லை. அக்காவும் நானும் செர்ரிப் பூ பார்க்கப் போகிறோம். ஏப்ரல் தொடக்கத்தில் டோக்கியோவில் பகல் 18 டிகிரி, விடியற்காலை 9, 10. இங்கே ஃபேனுக்கடியிலும் முதுகு நனைகிறது. இதில் உட்கார்ந்து குளிருக்கு எடுத்து வைக்க மனசே ஓடவில்லை. கனத்த கோட் வேண்டாம். உள்ளே தெர்மல், மேலே மெல்லிய ஸ்வெட்டர், அதற்கு மேல் மழை தாங்கும் ஜாக்கெட். வெயில் ஏற ஏறக் கழற்றலாம். அக்காவிடம் சொன்னேன். "எனக்கு ஒரு சால்வை போதும்டி."

மார்ச் 18, செவ்வாய்
அக்கா போன். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கறிவேப்பிலை ஒரு கட்டு, பட்டுப்புடவை ஒன்று. பச்சை இலையைச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்றேன். கோபம். குட்டி ரைஸ் குக்கரும் வருகிறதாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் குக்கரில் அரிசி வேகாது என்றேன். அதற்கும் கோபம். பட்டு எதற்கு என்று கேட்டதும் போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 19, புதன்
பொடி வேண்டும்தான். அங்கே தெளிந்த சூப்பில்கூட மீன் சீவல் ஊறியிருக்கும். மீன் தொடாதவள் என்ன சாப்பிடுவாள்? நானே கூப்பிடணும். கூப்பிடவில்லை.

மார்ச் 22, சனி
இரண்டு பேருக்கும் ஷூ வாங்கினேன். நாடா இல்லாதது. கோயிலுக்குள், சில சாப்பாட்டுக் கடைகளில்கூடக் கழற்றணும். ஒவ்வொரு முறையும் குனிந்து முடிச்சுப் போட அக்கா முட்டி தாங்காது. என்னுடையதை மொட்டை மாடியில் நடந்து பழக்கினேன். இடது சுண்டுவிரல் உரசுகிறது.

மார்ச் 24, திங்கள்
பூத்துவிட்டது! யசுகுனி கோயிலில் அடையாளத்துக்கென்று ஒரு செர்ரி மரம். அதில் ஐந்தாறு பூ விரிந்தால் டோக்கியோவில் பூத்ததாக வானிலைத் துறை அறிவிக்கும். அறிவித்தாச்சு. நாங்கள் இன்னும் இங்கேயே கிடக்கிறோம். மரம் முழுக்க மலர ஒரு வாரம். அப்புறம் ஒரு நல்ல மழைக்காற்று போதும். சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 26, புதன்
மாத்திரைகள். சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மாத்திரை ஜப்பானுக்குள் கூடாது. எடுத்து வெளியே வைத்தேன். அக்காவின் பிரஷர் மாத்திரை ஒரு மாதத்துக்குள், தனி அனுமதி தேவையில்லை. சீட்டோடு கைப்பையில். பவர் பேங்கும் கைப்பையில்தான். அங்கே பிளக் தட்டைக் கால் இரண்டு, அடாப்டர் வாங்கணும். பூ எப்படி இருக்கிறதோ.

மார்ச் 28, வெள்ளி
அக்கா வந்துவிட்டாள். குக்கர் இல்லை. கறிவேப்பிலையை வறுத்துப் பொடியாக்கியிருக்கிறாள். சாக்ஸ் போடச் சொல்லிக் கொடுத்தேன். போட்டதே இல்லையாம். குதிகால் பை புறங்காலில் வந்து நின்றது. திருப்பிப் போட்டால் பித்தவெடிப்பில் நூல் மாட்டுகிறது. கிளிசரின் தடவி, காலை மடியில் வைத்து நானே ஏற்றிவிட்டேன். கால் எவ்வளவு சிறுத்துவிட்டது.
ராத்திரி பெட்டியைத் திறந்தால் அத்தானின் சால்வை. கையில் எடுத்தாலே கனம். ஒன்றும் கேட்கவில்லை. மடித்து அங்கேயே வைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு
முழுதும் மலர்ந்ததாம். இன்று! கைத்தராசில் அக்காவின் பெட்டி 24.6. 23க்குள் வரணும். சால்வையை எடுத்தேன். திரும்ப வைத்தேன். என் ஸ்வெட்டர்களில் ஒன்றையும் ஹேர் டிரையரையும் என் பெட்டியிலிருந்து எறிந்துவிட்டு, பட்டையும் பொடிகளையும் அதில் வாங்கிக்கொண்டேன். இப்போது இரண்டும் சரி. எரிச்சல், சந்தோஷம், இரண்டும். மழை வரக்கூடாது, மழை வரக்கூடாது.

ஏப்ரல் 2, புதன், டோக்கியோ
மழை. எலும்பு வரை குளிர். உயேனோ பூங்காவில் பூ அப்படியே இருக்கிறது! குளிர்ந்தால் பூ கூடுதல் நாள் நிற்குமாம். இந்தக் குளிரை இரண்டு நாளாகத் திட்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கழிப்பறையில் கை துடைக்கக் காகிதம் இல்லாத இடம் நிறைய, கைக்குட்டை இன்னும் நாலு வேண்டும். தெருவில் குப்பைத்தொட்டியும் அரிது. கொண்டுவந்த கவர்கள் பிழைக்க வைத்தன. ஸ்வெட்டர் போதவில்லை. ஷினோபாசு குளக்கரையில் பல் அடித்துக்கொண்டபோது அக்கா சால்வையில் பாதியை என் தோளில் போட்டாள். அத்தான் பூவைப் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்றாள். எனக்குத் தெரியாது.
சிவந்த சுண்டுவிரலுக்குப் பிளாஸ்திரி. நாளை சிதோரிகாஃபுச்சி அகழிக்கரை. அக்கா பட்டுப்புடவைதான் கட்டுவாளாம், தெர்மலுக்கு மேலே. கொசுவம் நான் பிடிக்கணும்.