மேட்டுத் தெருவுக்குப் போன செம்பருத்தி

பல்லாவரத்தில் பஸ் ஏறிப் பம்மல், அனகாபுத்தூர் தாண்டி வந்தால் ஒரு சின்னக் குன்றும், அதன் உச்சியில் முருகன் கோயிலும் கண்ணில் படும். அதுதான் எங்கள் குன்றத்தூர். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். மலைக்கு 84 படிகள்தான். முழங்கால் வலிக்காரர்கள்கூட நின்று நின்று ஏறிவிடலாம். சந்நிதியில் ஒரு பக்கம் நின்றால் ஒரு தேவிதான் தெரிவாள். அடுத்தவளைப் பார்க்க மறுபக்கம் போக வேண்டும்.

கல்யாணமாகி நான் இங்கே வந்தபோது என் மாமியார் எனக்குக் கொடுத்த முதல் வேலை கிணற்றடிச் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது. ஐந்து இதழ், ரத்தச் சிவப்பு, நாட்டுச் செம்பருத்தி. "கிருத்திகைக்கு மலைக்கு ஒரு பூவாவது நம்ம வீட்டிலிருந்து போகணும், கண்ணு. கடைப்பூ ஆயிரம் கிடைக்கும்" என்பார் அத்தை. காலையில் மலர்ந்து சாயங்காலமே சுருங்கிவிடுகிற பூ. அன்றன்று பறித்து அன்றன்றே கொண்டுபோக வேண்டும். சேக்கிழார் பாடிய முருக நாயனாரும் தினமும் பூப்பறித்து மாலை கட்டிச் சிவனுக்குச் சாத்தியவர்தானே!

2009-ல் அந்தச் செடிக்கு முதல் சோதனை வந்தது. நுனியெல்லாம் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை, மொட்டுகள் சுருண்டன. பப்பாளி மாவுப்பூச்சி என்று பிறகு தெரிந்தது. 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் தென்பட்டுப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. "பிடுங்கிப் போட்டுடலாம்" என்றார் என் கணவர். அத்தை விடவில்லை. கெட்ட கிளைகளை வெட்டி எரித்தோம். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்ததும் தெளித்தோம். 2010-ல் இந்தப் பூச்சியை அழிக்கிற ஒரு குட்டிக் குளவியைப் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து வரவழைத்து நம் மாநிலத்தில் விட்டார்கள். அதன் பிறகு தொல்லை வெகுவாகக் குறைந்தது. சகோதரிகளே, கண்டபடி விஷமருந்து அடிக்காதீர்கள். பூச்சியோடு அந்தக் குளவியும் செத்துவிடும்.

செடி தழைத்ததும் மேட்டுத் தெரு அக்கா ஒருவர் குச்சி கேட்டார். எனக்கு மனசில்லை. "கொடுத்தாத்தான் செடி நிலைக்கும்" என்று அத்தையே வெட்டிக் கொடுத்தார். 2013-ல் அத்தை போய்விட்டார்.

2015 டிசம்பர் மழையை யார் மறப்பார்கள்? செம்பரம்பாக்கம் ஏரி எங்களுக்குப் பக்கம். அதன் உபரிநீர் எங்கள் பகுதி வழியாகத்தான் போய் அடையாற்றில் சேர்கிறது. எங்கள் தெரு தாழ்வானது. ரேஷன் கார்டு, காஸ் சிலிண்டர், பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றினோம். செடியை எப்படி ஏற்றுவது? கிணற்றடியில் நாலு நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகும் செடி பச்சையாகவே இருந்ததால் பிழைத்தது என்று நினைத்தேன். பத்தே நாளில் இலை பழுத்துக் கொட்டியது. தண்டை அசைத்தால் வேரோடு கையில் வந்தது. அழுகல் வாடை. வெயிலையும் வறட்சியையும் ஓரளவு தாங்குகிற செம்பருத்திக்கு வேரில் தேங்கும் தண்ணீர்தான் எமன் என்று அன்றுதான் புரிந்தது. அத்தையை இரண்டாம் முறை பறிகொடுத்த மாதிரி உட்கார்ந்து அழுதேன்.

தை மாதம் மேட்டுத் தெரு அக்கா வந்தார். ஈரத்துணியில் சுற்றிய ஆறு குச்சிகள். "உங்க அத்தை செடிதாம்மா. வச்சுக்கோ."

அவற்றை நட்ட விதத்தைச் சொல்கிறேன். பென்சில் கனத்தில், முக்கால் சாண் நீளத்தில், மூன்று நாலு கணு உள்ள குச்சி. அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட வேண்டும். மணல், செம்மண், மக்கிய எரு சம அளவு. நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் மூன்று நாலு வாரத்தில் துளிர்க்கும். ஆறில் நாலு பிழைத்தன. இந்த முறை தரையில் பள்ளம் பறிக்கவில்லை. உடைந்த செங்கல், ஜல்லி போட்டு ஒன்றரை அடி மேடு கட்டி அதில் நட்டேன். நல்ல வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுவேன். புதுத் துளிரில்தான் பூ வரும்.

அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டிலும் ஒரு வகைச் செம்பருத்தி உண்டு. தட்டு அகலப் பூ. பனிக்காலத்தில் தரைமட்டம் வரை காய்ந்துபோகுமாம். செத்தது என்று பிடுங்காமல் விட்டால் வெயில் வந்ததும் வேரிலிருந்து முளைக்குமாம். நம் சிவப்புச் செம்பருத்திக்கோ மலேசியாவில் 1960 முதல் தேசிய மலர் என்ற மரியாதை.

இப்போது யார் கேட்டாலும் குச்சி கொடுக்கிறேன். எங்கள் தெருவில் மட்டும் ஏழு வீட்டில் இருக்கிறது. ஆனாலும் மேட்டுத் தெருவில் இரண்டு வீட்டிலாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஐப்பசி பிறந்து வானம் கறுத்தால் முதலில் அந்தச் செடிகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.