மரமா, ரப்பரா?

அப்பாவின் ரிவால்வருக்குப் பிடி மாற்ற வேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தது 2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஒரு மலையாள நாவலின் மொழிபெயர்ப்புக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சாப்பாட்டு மேஜைமேல் பழைய துண்டை விரித்தார். அறைகளைக் காலி செய்துவிட்டு, துப்பாக்கியை அதன்மேல் வைத்தார். குண்டுகள் தனியாக ஒரு மருந்து டப்பாவில்.

"மக்களே, இதுக்கு ஒரு ரப்பர் பிடி போட்டா எப்படி இருக்கும்?"

காயலான் கடைக்குப் போட வேண்டிய நேரத்தில் பிடி எதற்கு என்று வாய் வரை வந்தது. அவருக்கு வயது 79. வலது கை நடுங்குகிறது. தேநீர்க் கோப்பையையே இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்குகிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா நாகர்கோவில்காரர். பிழைப்பு புனலூர்ப் பக்கம், ஒரு ரப்பர் தோட்டத்தில். கணக்கராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றார். சனிக்கிழமைகளில் கூலிப் பணத்தை வங்கியிலிருந்து எடுத்து, காட்டுப் பாதையில் ஜீப்பில் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை ஜீப்பை மறித்தார்கள். பணம் தப்பியது, டிரைவருக்கு மண்டையில் ஆறு தையல். அதற்குப் பிறகுதான் லைசென்சுக்கு எழுதிப் போட்டார். 1997-ல் வந்து சேர்ந்தது இந்த .32 ரிவால்வர். கான்பூரில் அரசுத் தொழிற்சாலை செய்தது. ஆறு குண்டு, 700 கிராம் அளவில் எடை. நடுவில் மடங்கித் திறக்கும் பழைய வெப்லி மாதிரி. மனிதரை நோக்கி அதை அவர் நீட்டியதே இல்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அது வீட்டுக்குள் இருந்ததே பிடிக்கவில்லை. "உங்க இரும்பு" என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னாள்.

(புனலூர் என்றால் தமிழருக்கு வாஞ்சிநாதன் நினைவு வரும். அங்கே திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் அவர் கையில் இருந்தது ரிவால்வர் அல்ல, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். நம் பத்திரிகைகள் இரண்டையும் 'கைத்துப்பாக்கி' என்று எழுதித் தப்பித்துவிடும். நானும் அப்படித் தப்பித்திருக்கிறேன்.)

எனக்குத் துப்பாக்கி தெரியாது. ஆனால் ஒரு விஷயம் தெரியாவிட்டால் நாலு பேரைக் கேட்டு எழுதுவது என் தொழில். முதலில் போனது துப்பாக்கிக் கடைக்கு. கடைக்காரர் இரண்டு ஜோடி எடுத்து வைத்தார். ஒன்று கறுப்பு ரப்பர், விரல்கள் உட்காரக் குழிகள் வைத்தது. மற்றது பழுப்பு மரம், குறுக்குக் கோடுகள் செதுக்கியது. "வெளிநாட்டுப் பிடி இதில் சேராது சேச்சி, அதெல்லாம் அவங்க துப்பாக்கிச் சட்டத்துக்கு அளவெடுத்தது" என்றார். சேச்சி என்றாலும் தமிழில்தான் பேசினார். சாலைக் கடைத்தெருவில் வளர்ந்தவர்.

அவர் சொன்ன கணக்கு எளிமையாக இருந்தது. ரிவால்வரில் குழல் கைக்கு மேலே இருக்கிறது. சுடும்போது உதை பின்னால் மட்டும் வருவதில்லை, குழலின் முனையை மேலேயும் தூக்கும். வழவழப்பான மரம் என்றால் பிடி உள்ளங்கைக்குள் சற்றே உருளும். அடுத்த குண்டுக்கு முன்னால் கையைச் சரிசெய்ய வேண்டும். ரப்பர் உருளாது, ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வியர்வைக்கு அது பெரிய உதவி. திருவனந்தபுரத்தில் மார்ச் மாதம் பேனாவே நழுவுகிறது.

"அப்ப ரப்பர்தானே நல்லது?" என்றேன்.

"பெரிய குண்டு என்றால் யோசிக்க வேண்டாம். இது .32. உதையே கொஞ்சம்தான். அப்புறம் ரப்பர் சட்டைத் துணியிலும் ஒட்டும். இடுப்பிலிருந்து எடுக்கும்போது சட்டையும் கூட வரும்."

இன்னொன்றும் சொன்னார். ரப்பர் பிடியைக் கழற்றாமல் வைத்திருந்தால் அதற்கும் இரும்புக்கும் நடுவே வியர்வையும் ஈரமும் தங்கும். இரண்டு மழைக்காலம் போனால் துரு. எண்ணெய் பட்டால் சில வகை ரப்பர் ஊதிப்போகும், பழசானால் பிசுபிசுக்கும். மரத்துக்கு அந்தச் சங்கடம் குறைவு, ஆனால் கீழே விழுந்தால் விரிசல். எந்தப் பக்கம் போனாலும் ஒரு குறை காத்திருந்தது.

மரமா ரப்பரா என்ற வழக்கு புதியது என்று நினைத்திருந்தேன். இல்லை. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வித்தையை அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தது 1839-ல். கந்தகம் கொஞ்சம் சேர்த்தால் டயர்போல் வளையும். மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகச் சேர்த்தால் கறுப்பாக, கொம்பு போல இறுகிவிடும். எபோனைட், வல்கனைட் என்பார்கள். 1880களிலேயே கோல்ட் ரிவால்வர்களுக்கு வால்நட் மரத்தை விட்டுவிட்டு இந்தக் கெட்டி ரப்பரை மாட்டத் தொடங்கிவிட்டார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்லிக்கும் வல்கனைட் பிடிதான். மெத்தென்ற ரப்பர் பிடி பின்னால் வந்தது. இப்போது விற்பதில் பெரும்பகுதி செயற்கை ரப்பர். மரத்திலிருந்து வடிந்த பால் அல்ல. இதைச் சொன்னபோது அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நாற்பது வருடம் விடிகாலையில் பால்வெட்டு பார்த்தவர். ஷீட்டும் ஒட்டுப்பாலும் எங்கள் பள்ளிக் கட்டணம்.

"அப்ப அது நம்ம ரப்பர் இல்லியா?"

மரத்திலும் அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவருக்கு ஈட்டி மரத்தில் பிடி வேண்டும். தமிழில் தோதகத்தி என்றும் சொல்வோம். கெட்டியான கருஞ்சிவப்பு, பாலிஷ் போட்டால் கண்ணாடி. ஆனால் ஈட்டி திருவிதாங்கூர் காலத்திலேயே ராஜமரம். சொந்த நிலத்தில் நின்றாலும் நம்முடையது அல்ல. வயநாட்டில் முட்டில் கிராமத்தில் பட்டா நிலத்து ஈட்டிகளை வெட்டியது 2021-ல் மாநிலத்தையே கலக்கிய வழக்கானது. ஒரு ஜாண் துண்டு எந்தத் தச்சுப் பட்டறையிலும் கிடக்கும் என்று தோழி ஒருத்தி சொன்னாள். அதற்கு யாரிடம் ரசீது கேட்பது?

வட்டியூர்க்காவு துப்பாக்கிச் சுடும் மைதானம் எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. 2015-ல் கேரளத்தில் நடந்த 35-வது தேசிய விளையாட்டுகளுக்காகக் கட்டியது. அப்போது செய்தி எழுதப் போன இடத்தில் ஒரு வீராங்கனை தன் பிஸ்டலின் பிடியை எனக்குக் காட்டினாள். வால்நட் மரம். ஆனால் கண்ட இடத்தில் அரம் போட்டு, கண்ட இடத்தில் மரப்பொடி மக்கு அப்பி, பார்க்க அசிங்கமாக இருந்தது. அவள் கை நுழைந்ததும் அந்த அசிங்கம் காணாமல் போயிற்று. விரலும் மரமும் ஒரே பொருள்போல் இருந்தன. "ரப்பரை இப்படி ராவ முடியாது அக்கா. மரம்தான் கை சொல்வதைக் கேட்கும்" என்றாள். அன்று எழுதிய செய்தியில் இந்த வரிக்கு இடம் கிடைக்கவில்லை.

முதுகலையில் புறநானூறு படித்தபோது 95-ஆம் பாட்டை வஞ்சப் புகழ்ச்சிக்கு உதாரணமாக மட்டுமே படித்தேன். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவல் மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். இப்போது எடுத்துப் பார்த்தால், திரண்ட வலிய காம்பை அவர் மறக்காமல் சொல்லியிருப்பது கண்ணில் படுகிறது. காம்புக்கு அவர் வைத்த சொல் காழ். மரத்தின் வைரத்துக்கும் அதே சொல்தான். எங்கள் வீட்டு ஆயுதம் எந்தக் கட்சி என்பதில் சந்தேகமில்லை. 27 வருடமாக நெய் பூசிய கட்சி.

இவ்வளவும் கேட்டு வந்து, ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். கை நடுக்கத்துக்கு ரப்பர் மேல் என்று கீழே என் தீர்ப்பு. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"கையை நீட்டு" என்றார்.

நீட்டினேன். தையல் நாடாவால் என் உள்ளங்கையை அளந்தார். பெருவிரல் மடிப்பிலிருந்து சுட்டுவிரல் நுனி வரை. பிறகு என் தாளின் ஓரத்திலேயே அளவைக் குறித்தார்.

"என் கைக்கு இல்லை மக்களே. உன் கைக்கு."

ஆயுதச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. 2016-ஆம் வருட ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் 70 வயதைத் தாண்டினாலோ, ஆயுதத்தை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு இரண்டு தகுதியும் உண்டு. தம்பி ஷார்ஜாவில். நான் தனியாக இருப்பவள். ராத்திரி பதினொரு மணிக்கு ஸ்கூட்டரில் வருகிறவள். ஒரு கட்டுரைக்காக இரண்டு வாரம் மிரட்டல் தொலைபேசி வாங்கியவள். அந்த இரண்டு வாரமும் அவர் வாசல் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. துண்டுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை.

2014-ல் கான்பூரிலிருந்து பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வர் வந்தபோது அந்தச் செய்தியை மொழிபெயர்த்தவள் நான்தான். அரை கிலோ எடை, விலை ரூ. 1.22 லட்சம். 'அச்சமற்றது' என்று தலைப்பு வைத்துவிட்டு, இதை வாங்க முடிந்த பெண்ணுக்கு வேறு பாதுகாப்பும் வாங்க முடியுமே என்று அலுவலகத்தில் கிண்டலடித்தேன். அப்பா அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருந்தார்.

ஒருமுறை பிடித்துப் பார்க்கச் சொன்னார். காலியான துப்பாக்கிதான், மூன்று முறை திறந்து காட்டினார். மரத்தை மாட்டிய நிலையில் என் சுட்டுவிரல் விசையில் சரியாகப் போய் உட்கார்ந்தது. ரப்பர் ஜோடி மரத்தைவிட நல்ல தடிமன் என்பதைக் கடையிலேயே பார்த்திருந்தேன். அதை மாட்டினால் என் விரல் எட்டாது. எட்டினாலும் அந்தக் கனமான விசையை நுனி விரலால் இழுக்க முடியாது. ஆக, அவர் கைக்கு ரப்பர், என் கைக்கு மரம். கையிலிருந்து அதை வைத்த பிறகும் மரத்தின் சூடு கொஞ்ச நேரம் இருந்தது. அவர் கையிலிருந்து ஏறிய சூடு.

"வேண்டாம்ப்பா" என்றேன். "ரெண்டு லாரிக்காரன் ஹாரன் அடிச்சாலே எனக்குக் கோபம் வருது. இதையும் பையில வச்சிட்டு நான் போகக் கூடாது."

"கோபம் வர்றவங்கதான் ஜாக்கிரதையா வச்சிருப்பாங்க." அப்பாவின் தர்க்கம் அவருடையது.

அந்த ஏப்ரல் 26-ல் கேரளத்தில் மக்களவைத் தேர்தல். ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நானே ஆட்டோவில் அழைத்துப் போய்க் கடைக்காரரிடம் பாதுகாப்பில் வைத்து ரசீது வாங்கினேன். தேர்தல் முடிந்தது, முடிவும் வந்தது. "மழை நிக்கட்டும், எடுத்துக்கலாம்" என்றார். மழை நின்றது. துலாமழையும் வந்து போயிற்று. அப்பா எடுக்கப் போகவில்லை. மாதா மாதம் வாடகை மட்டும் தவறாமல் கொடுத்தனுப்புகிறார்.

சில வாரங்களுக்கு முன் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். அந்த ரப்பர் ஜோடியை வேறு ஒருவர் கேட்கிறாராம், அப்பாவுக்கு வேண்டுமா, கொடுத்துவிடலாமா? அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டார். "நீயே சொல்லு."

கொடுத்துவிடுங்கள் என்றேன்.

அப்பா தலையாட்டினார். "அப்ப மரம்தான்" என்று எழுந்து போய் அலமாரியைத் திறந்து, வாரிசு விண்ணப்பத்தை எடுத்துவந்து என் மெய்ப்புக் கட்டின்மேல் வைத்தார். அவருடைய பகுதி முழுவதும் பூர்த்தியாகியிருந்தது. நடுங்கின எழுத்துதான், ஆனால் ஒரு பிழைகூட இல்லை. என் கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் சிறிய குறி போட்டிருந்தார். அது இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது.