பெயின்ட் அடித்தால் தையல் விழாது

"எல்லாம் ரெடி பண்ணிட்டேண்ணா, தையல் மட்டும்தான் விடுது." பெரியமேட்டில் என் கடைக்குப் பழைய சிங்கர் 29K மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மெஷின் முழுக்கப் புதுக் கறுப்பு பெயின்ட், கைச்சக்கரத்துக்குத் தங்க நிறம், வார்ப்பிரும்பு ஸ்டாண்டுக்குச் சிவப்பு. பெயின்ட் எண்ணெய்த் துளைகளுக்குள் இறங்கிக் காய்ந்திருக்கும். தையல் மெஷினில் தையலைத் தவிர வேறு எதை ரெடி பண்ணினார்கள் என்று எனக்குக் கோபம் வரும். கோபத்தை அடக்கிக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்து, ஸ்க்ரூவைக் கழற்ற உட்காருவேன்.

வரும் பொங்கலோடு கடையை விடுகிறேன். கண் முன்போல இல்லை. பினியன் பல்சக்கரத்தின் தேய்மானத்தைப் பார்த்துச் சொல்ல இப்போது பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. கையில் இருக்கிற தொழிலை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாம் என்றால், கேட்க வருகிறவர்கள் எந்த நிற பெயின்ட் பழைய காலத்து நிறம் என்றுதான் கேட்கிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

29K என்பதில் உள்ள K, ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த கில்போவி ஆலையைக் குறிக்கும். 1885-இலிருந்து இயங்கிய ஆலையை 1980-இல் மூடிவிட்டார்கள். அங்கே உள்ள ரயில் நிலையத்துக்கு இன்றும் சிங்கர் என்றுதான் பெயர். அந்த ஆலையில் செய்த மெஷின் இங்கே செருப்புக் கடைகளிலும் பை தைக்கிற கடைகளிலும் இன்னும் ஓடுகிறதென்றால், காரணம் அதன் இரும்பு மட்டுமல்ல, அதன் அமைப்பும்தான். இதற்கு அடிப்பல் கிடையாது. மேலே இருக்கும் ஃபுட்டே தோலைக் கவ்வி நகர்த்தும். அந்த ஃபுட்டை எந்தத் திசைக்கும் முழு வட்டமாகத் திருப்பலாம். ஷூவின் முன்மூக்குக்குள் ஒட்டுப்போடும்போது ஷூவைத் திருப்ப இடம் இருக்காது, ஆகவே தையலைத் திருப்புகிறோம். மெஷினின் ஒல்லியான கை ஷூவுக்குள் போக வேண்டும் என்பதற்காக ஷட்டிலையும் பாபினையும் சின்னதாக்கி அதன் நுனியில் வைத்தார்கள். பாபின் சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று குறைப்படுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சுத்தம் செய்வதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. முதல் எதிரி தேங்காய் எண்ணெய். மெஷின் ஆயில் தீர்ந்துவிட்டது என்று யாரோ ஒரு நாள் ஊற்றியிருப்பார்கள், அது பிசினாக இறுகி நீடில் பாரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, இளஞ்சூடு காட்டி, பொறுமையாக இளக்க வேண்டும். சுத்தியலை எடுக்கக் கூடாது. இரண்டாவது எதிரி ஸ்பிரிட். மெஷினில் உள்ள தங்கப் பூ வேலைப்பாட்டின் மேல் இருப்பது அரக்குப் பூச்சு, ஸ்பிரிட் பட்டால் கரையும். பஞ்சில் மெஷின் ஆயில் தொட்டுத் துடைத்தால் அழுக்கு மட்டும் போகும், பூ நிற்கும். நூறு வருஷம் நின்ற பூவை அரை மணி நேரத்தில் ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, அதே பூவை ஸ்டிக்கராக வாங்கி ஒட்டுகிறார்கள்.

ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கர் தன் மெஷினுக்கென்று தனி மரை வைத்திருந்தது. கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் ஸ்க்ரூ எதுவும் சேராது. சேராததைச் சேர்க்க டேப் போட்டு மரையை மாற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அசல் ஸ்க்ரூ கிடைத்தாலும் பயனில்லை. திருப்புளி முனையை ஸ்க்ரூவின் பிளவுக்குச் சரியாக அரத்தால் ராவிக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். ஆப்பு மாதிரிச் சரிந்த முனை, பிளவின் ஓரத்தைத் தின்றுவிடும். என் மேஜையில் திருப்புளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, ஒவ்வொன்றும் ஒரு ஸ்க்ரூவுக்கானது.

இனி ஆட்டம். இந்த மெஷினின் வியாதி எல்லாம் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பாய். அப்போது கடைக்குச் சொந்தக்காரர், எனக்கு மேஸ்திரி, கடைசி வரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டார். நான் சேர்ந்த புதிதில் திருப்புளியைத் தொட விடவே இல்லை. கைச்சக்கரத்தை அவர் அசையாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வார், நான் கையின் நுனியில் இருக்கும் ஷட்டிலை விரலால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். "எவ்வளவு ஆடுது தம்பி?" என்பார். சொன்னால், "எங்கேயிருந்து ஆடுது?" என்பார். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வருஷக்கணக்கில் ஆனது.

ஷட்டில் தானாகச் சுற்றுவதில்லை. பின்னால் இருக்கும் கேம் ஒரு லீவரைத் தள்ளுகிறது, லீவர் கைக்குள் நீளமாகக் கிடக்கும் ரேக்கை இழுக்கிறது, ரேக்கின் பல் நுனியில் இருக்கும் பினியனைத் திருப்புகிறது, அதன்மேல் ஷட்டில் போய்த் திரும்பி வருகிறது. ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை தேய்ந்திருந்தால் போதும், எல்லாம் கூடி ஷட்டில் நுனியில் வந்து நிற்கும். போய்த் திரும்புகிற ஓட்டம் ஆனதால், ஒவ்வொரு திரும்பலிலும் முதலில் அந்தத் தேய்மானத்தைக் கடந்த பிறகுதான் ஷட்டில் அசையும். அதற்குள் ஊசி கிளம்பிவிடும். ஊசி கீழே போய்ச் சற்றே மேலேறும்போது நூல் ஒரு வளையமாக விரியும். அந்த நொடியில் ஷட்டில் முனை ஊசிக் கண்ணுக்கு மேலே உரசாமல் கடந்து வளையத்தை எடுக்க வேண்டும். தாமதித்தால் வளையம் சாய்ந்துவிடும், தையல் விடும். 18-ம் நம்பர் ஊசியின் தடிமன் 1.1 மில்லிமீட்டர். ஷட்டில் முனையின் ஆட்டம் அந்தத் தடிமனைத் தாண்டினால் என் கணக்கில் அந்த மெஷின் நோயாளி.

துணி என்றால் விட்ட தையலைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம், துளை மூடிக்கொள்ளும். தோலில் விழுந்த துளை மூடாது. பக்கத்தில் இன்னொரு வரிசை போட்டால் இரண்டு வரிசைத் துளைக்கும் நடுவே தோல் தபால்தலை ஓரம் போலக் கிழியும். ஒரு தையல் விட்டால் வாடிக்கையாளரின் ஷூ போச்சு. இதைத் தெரிந்தவர் யாரும் "தையல் மட்டும்தான்" என்று சொல்ல மாட்டார்.

பாய் ஆட்டத்தைக் கேம் பக்கத்திலிருந்துதான் எடுக்கத் தொடங்குவார். நுனியில் தொடங்க விடமாட்டார். நுனியில் புதுப் பினியன் போட்டால் தையல் உடனே விழும், மெஷின் விற்கும், ஆறு மாதத்தில் திரும்பி வரும். பின்பக்கத்துத் தேய்மானம் அப்படியே இருக்கும்போது புதுப் பல் பழைய பல்லைவிடச் சீக்கிரம் போகும். இப்போது செய்வது இன்னும் மோசம். ஆட்டத்தை எடுக்காமல் டைமிங்கை முன்னால் தள்ளி வைத்து மறைக்கிறார்கள். தடித்த ஊசிக்குத் தைக்கும், ஊசியை மாற்றினால் மறுபடி விடும். வாங்கினவன் ஊசியையும் நூலையும் திட்டிக்கொண்டிருப்பான்.

ஃபுட் பக்கத்துக்கு அவர் வைத்திருந்த சோதனை இன்னும் எளிது. நூலை எடுத்துவிட்டு, வெறும் ஊசியோடு ஒரு தாளைக் கொடுத்து ஓட்டுவார். முதலில் நேராக, பிறகு ஃபுட்டைத் திருப்பி இரு பக்கவாட்டிலும், பிறகு பின்னோக்கி. தாளில் நான்கு பக்கமும் துளை வரிசை விழும். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இஞ்சுக்கு எத்தனை துளை என்று எண்ணச் சொல்வார். நல்ல மெஷின், பெரிய தையலில் வைத்தால் இஞ்சுக்கு 5 விழும். தேய்ந்த மெஷின் 8, 9 என்று நெருக்கிப் போடும். ஒரு திசையில் 6, எதிர்த்திசையில் 9 என்று விழுந்தால், தலைக்குள் ஃபுட்டை நகர்த்தும் வளையமோ, அதைத் தள்ளும் பெல் கிராங்க் லீவரின் முனையோ தேய்ந்துவிட்டது என்று பொருள். லீவர் முனையில் பித்தளை வைத்து கேஸ் வெல்டிங் பண்ணி, அரத்தால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். விளக்குக் கரியைத் தடவி மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால் எங்கே முட்டுகிறது என்று கரி காட்டிக்கொடுக்கும். முட்டுகிற இடத்தை மட்டும் ஒரு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி மாட்டு. பாய் ஒரு லீவருக்கு ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்வார். சாயங்காலம் தாளில் நான்கு பக்கமும் 5 துளை விழும்போது என்னிடம் நீட்டுவார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு நான் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனேன். தோல் தொழில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வாருங்கள் என்று அவர்களே கூப்பிட்டிருந்தார்கள். அரமும் கரியும் மேஜைமேல் வைத்ததும், "அதெல்லாம் வேண்டாம் ஐயா, மெஷினோட வரலாறு பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க, போட்டோ எடுத்துக்கலாம்" என்றார் பொறுப்பில் இருந்தவர். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருக்கிற ஊர் இது. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோலால் வாழ்கிற மாநிலம் இது. இங்கே ஒரு மெஷின் ஏன் தையல் விடுகிறது என்று சொல்வதற்கு நேரம் இல்லை, அது எந்த வருஷத்து மெஷின் என்று சொல்வதற்கு நேரம் இருக்கிறது. பேசாமல் அரத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொரு வருத்தமும் உண்டு. இந்த மெஷினில் சோல் தைக்கலாமா என்று கேட்கிறார்கள். தைக்க முடியாது. 29K மேல்தோலுக்கும் ஒட்டுக்கும் உரியது. 40-ம் நம்பர் நைலான் நூல் சுகமாக ஓடும், 20-ம் நம்பர் வரை தாங்கும், அதைவிடத் தடித்த நூலுக்கு ஷட்டிலில் இடம் இல்லை. சோலை உள்ளிருந்து அப்பரோடு சேர்த்துத் தைக்க வேறு வகை மெஷின் இருக்கிறது. அமெரிக்காவில் லைமன் பிளேக் 1858-இல் காப்புரிமை வாங்கிய மெஷின் அது. காணொளியில் யாரோ ஒருவர் 29K-யில் பெல்ட்டையும் சோலையும் குத்திக் காட்டுகிறார், பார்த்துவிட்டு இங்கே வந்து ஊசியை உடைத்து, ரேக் பல்லையும் உடைக்கிறார்கள். வேலைக்கேற்ற மெஷின் என்பது எங்கள் தலைமுறையில் சிறுபிள்ளைக்கும் தெரியும்.

கையால் சுற்றுகிற புது மலிவு மெஷின்களைப் பற்றியும் கேட்பார்கள். அமைப்பு இதே அமைப்புதான். வார்ப்பு கரடுமுரடாக இருக்கும், ஷட்டில் ஓடுபாதையில் அரம் போட்ட தடம் அப்படியே நிற்கும். பிரித்து, பிசிறெடுத்து, உப்புத்தாளால் ஓடுபாதையை வழவழப்பாக்கிச் சேர்த்தால் ஒட்டுப்போடத் தைக்கும். அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவன் வாங்கட்டும். செய்யத் தெரியாதவன் அதை வாங்கிவிட்டுப் பழைய 29K-வைக் காயலான் கடையில் போடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுப் பரணிலோ கடை மூலையிலோ ஒட்டுப்போடுகிற இந்தப் பழைய மெஷின் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். தலை உடைந்திருந்தாலும் கைக்குள் ரேக் நல்லதாக இருக்கலாம், கை வளைந்திருந்தாலும் பெல் கிராங்க் தேயாமல் இருக்கலாம். தையல் விடுகிற இன்னொரு மெஷினுக்கு அது போதும். பெயின்ட் அடிக்காமல், டேப் போடாமல், ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் போட்டுக் கட்டி, பொங்கலுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். கூடவே அரம் பிடிக்க ஆசை உள்ள ஒரு பிள்ளையையும் அழைத்து வாருங்கள். என் மேஜை, திருப்புளிகள், பாய் விட்டுப்போன அரங்கள் எல்லாவற்றையும் அந்தப் பிள்ளைக்கே கொடுத்துவிடுகிறேன், காசு வேண்டாம். ஆட்டம் எங்கேயிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் வரை என்னோடு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.