உள்ளேன் ஐயா

பதிவு கொஞ்சம் நீளமாகிவிட்டது. சாவகாசமாகப் படியுங்கள். கடைசியில் ஒரு உதவி கேட்டிருக்கிறேன், அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

போன பொங்கலுக்கு 1998-ல் பத்தாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். இப்போது ஸ்காட்லாந்தில் இருக்கிறாள். எனக்குப் போன வருஷம்தான் இரண்டு காதிலும் மெஷின் வைத்தார்கள். அவள் வந்ததும் அதைக் காட்டி, "கொஞ்சம் சத்தமாப் பேசும்மா" என்றேன். பிறகு வேலை என்ன என்று கேட்டேன். "கடலுக்கு அடியில அட்டெண்டன்ஸ் எடுக்கிறேன் சார்" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

அங்கே வடகடலில் நடுக்கடலிலேயே காற்றாலை நடுகிறார்கள். அந்தக் கடலில் பார்ப்பஸ் என்று ஒரு பிராணி உண்டு. நம் ஓங்கிலுக்குச் சொந்தக்காரன், அதைவிடச் சின்னது, மூக்கு மழுங்கல். மேலே வந்து ஒரு மூச்சு விட்டுவிட்டு உடனே முங்கிவிடும். படகில் உட்கார்ந்து கண்ணால் எண்ணுவது பெரிய பாடு. இரவில், அலை அடிக்கும் நாளில் முடியவே முடியாது. ஆனால் அது சும்மா இருக்காது. இரை தேடவும் வழி அறியவும் டிக் டிக் என்று ஒலி எழுப்பிக்கொண்டே போகும். அதனால் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கிறார்கள். கையளவு தடிமனில் ஒரு குழாய், அதன் முனையில் நீருக்குள் கேட்கும் மைக், உள்ளே டார்ச் லைட்டுக்குப் போடுகிற மாதிரிப் பெரிய பேட்டரிகள். அதற்கு எடை கட்டிக் கடலில் இறக்கிவிட்டால் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஒலியை அப்படியே பதியாது. எந்த நேரத்தில் எத்தனை கிளிக், எந்த அதிர்வெண் என்று மட்டும் குறித்து வைக்கும். நம் வருகைப் பதிவேடு மாதிரிதான்.

என் பிசிக்ஸ் மாணவர்களுக்கு ஒரு கணக்கு. காற்றில் ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், கடல் நீரில் சுமார் 1,500 மீட்டர். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், அதுவும் சின்ன வயதில். பார்ப்பஸின் கிளிக் 1,30,000 ஹெர்ட்ஸ். வேறு கருவியில் ஒலியாகவே பதிவு செய்த ஒன்றை நூறு மடங்கு மெதுவாக்கி, போனில் போட்டுக் காட்டினாள். இப்போது அது எத்தனை ஹெர்ட்ஸ்? 1,300. என் காதுக்கும் எட்டியது. டொக்... டொக்... என்று யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. என் வீட்டுக்காரம்மா அடுக்களையிலிருந்து வந்து, "யாரு வாசல்ல?" என்று கேட்டாள்.

சரி, எதற்கு இந்த அட்டெண்டன்ஸ்? காற்றாலைக்கு இரும்புத் தூணைக் கடல் தரையில் சம்மட்டி வைத்து அடித்து இறக்குகிறார்கள். அந்த ஒவ்வொரு அடியும் நீருக்குள் பல மைல் கேட்கும். டென்மார்க் கடலில் ஹார்ன்ஸ் ரெவ் இரண்டாவது காற்றாலைப் பண்ணைக்கு 2008-ல் தூண் அடித்தபோது, 2.6 கிலோமீட்டர் தூரத்தில் இருந்த கருவியில், அடித்து முடித்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிளிக் கூட இல்லை. பழைய நிலைமைக்குத் திரும்ப ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆனது. ஸ்காட்லாந்தில் மோரே ஃபர்த் என்கிற வளைகுடாவில் பீட்ரிஸ் என்று 84 காற்றாலைகள் நட்டார்கள். 2017-ல் அங்கே முதல் தூண்களை அடித்தபோது 7.4 கிலோமீட்டர் தள்ளி இருந்த பார்ப்பஸ் கூட விலகிப்போக பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தது. கடைசித் தூண்களுக்கு வரும்போது அந்தத் தூரம் 1.3 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது.

"பழகிப்போச்சா, இல்ல காது மந்தமாயிடுச்சா?" என்று கேட்டேன். என் நிலைமையில் வேறென்ன தோன்றும்?

"நல்ல கேள்வி சார். இருக்கா இல்லையான்னுதான் கருவி சொல்லும். ஏன்னு சொல்லாது" என்றாள்.

காது விஷயத்தை வேறு விதமாகச் சோதித்திருக்கிறார்கள். டென்மார்க்கில் கெர்டெமின்ட என்கிற ஊரில் வளர்த்த ஒரு பார்ப்பஸுக்குப் பலத்த ஒலி கொடுத்து, எந்த அளவில் அதன் கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைகிறது என்று அளந்தார்கள். 2009-ல் அந்த ஆய்வு வெளியானது. ஜெர்மனி இன்று வைத்திருக்கும் விதிக்கு அதுவும் ஒரு ஆதாரம்: தூண் அடிக்கும் இடத்திலிருந்து 750 மீட்டரில் ஒரு அடியின் ஒலி 160 டெசிபலைத் தாண்டக் கூடாது. (நீருக்குள் அளக்கும் டெசிபல் வேறு, நம் ஒலிபெருக்கி டெசிபலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அதற்காக ஓட்டை போட்ட குழாயைக் கடல் தரையில் வட்டமாகப் போட்டு, கப்பலிலிருந்து காற்றை அழுத்தி அனுப்புகிறார்கள். தூணைச் சுற்றி நீர்க்குமிழித் திரை எழும்பும். ஒலி அதில் பட்டுச் சிதறி வலுவிழக்கும். 10 டெசிபல் குறைந்தால் ஒலி ஆற்றல் பத்தில் ஒரு பங்காகும் என்பது உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் நான் சரியாக நடத்தவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப கிளிக் வரலைன்னா மீன் ஓடிருச்சுன்னு அர்த்தம்" என்றேன். மீன் இல்லை, பாலூட்டி என்று முதலில் திருத்தினாள். பிறகு சொன்னாள்: "அப்படி உடனே எழுதிட முடியாது சார். அதோட ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி முன்பக்கமா மட்டும்தான் போகும். சில நூறு மீட்டர் வரைக்கும்தான் கருவிக்கு எட்டும். அது அந்தப் பக்கம் திரும்பி இருந்தாலே பதிவாகாது. சுத்தி இரைச்சல் இருந்தாலும் பதிவாகாது. அதனால 'பதிவு இல்லை'ன்னுதான் எழுதுவோம், 'ஆள் இல்லை'ன்னு எழுத மாட்டோம்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நம்ம கிளாஸ்ல கடைசி பெஞ்ச்ல ஒருத்தன் இருந்தானே, ஞாபகம் இருக்கா சார்?" என்றாள்.

இருந்தது. ஒன்பதாம் வகுப்பு. ஜன்னல் ஓரம். பெயரை இரண்டு முறை கூப்பிட்டாலும் "உள்ளேன் ஐயா" சொல்லமாட்டான். குனிந்தே இருப்பான். ஆள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, திமிர் என்று நினைத்து ஆப்சென்ட் போட்டேன். ஒரு நாள் இல்லை, பல நாள். பிரம்பும் எடுத்தேன். அப்பாவைக் கூட்டி வா என்றேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவே இல்லை. பெயரைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

"அவனுக்குக் காது சரியாக் கேக்காது சார். சின்ன வயசுலேர்ந்து சீழ் வடியும். எங்க எல்லாருக்கும் தெரியும்."

"ஏம்மா என்கிட்ட யாரும் சொல்லலை?"

"உங்ககிட்டப் பேசவே பயமா இருக்கும் சார்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். காப்பி குடித்துவிட்டு, காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தால் வீடே அமைதியாகிவிடும். பக்கத்தில் என் மனைவி பேசினாலும் உதடு அசைவதுதான் தெரியும். பதின்மூன்று பதினான்கு வயதில் அவன் அப்படித்தானே என் வகுப்பில் உட்கார்ந்திருப்பான்? கண்ணுக்கே தெரியாத ஒரு பிராணிக்கு அங்கே அத்தனை பேர் காது கொடுக்கிறார்கள். பத்தடி தூரத்தில் இருந்த பிள்ளையை நான் ஒரு முறை பக்கத்தில் போய்க் கேட்டிருக்கலாம்.

மன்னார் வளைகுடாவிலும் கடல் காற்றாலைத் திட்டம் பேசப்படுகிறது. காற்று மின்சாரம் வேண்டாம் என்று சொல்பவன் நான் இல்லை. ஆனால் அந்தக் கடலிலும் முதுகுத் துடுப்பு இல்லாத ஒரு பார்ப்பஸ் வகை இருக்கிறது, ஆவுளியா இருக்கிறது. தூண் இறக்குவதற்கு முன்பே கருவியை இறக்கிக் கேட்டுவிடுங்கள். முதலில் யார் இருந்தார்கள் என்று தெரியாமல், பிறகு யார் போனார்கள் என்று எப்படிச் சொல்வது? அந்தத் துறைகளில் இருக்கும் என் மாணவர்கள் இதை மனதில் வையுங்கள்.

இப்போது அந்த உதவி. அவன் பெயரை இங்கே எழுதவில்லை. 1998 செட் பிள்ளைகளுக்கு யார் என்று தெரியும். எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் போட வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவன் சம்மதித்தால் நானே போய்ப் பார்க்கிறேன். போன் வேண்டாம். எங்கள் இருவருக்கும் போன் சரிப்படாது.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்